வாரண்டி இருந்தும் ஏன் பணம் கேட்கிறார்கள், பழைய லேப்டாப்பை ஏன் வாங்க மறுக்கிறார்கள்?

கேட்ட கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத லேப்டாப். திரையை உடலோடு இணைக்கும் கீல், அதாவது ஹிஞ்ச், ஒரு பக்கம் விட்டுப்போய், மூடியின் மூலை பிளந்து நிற்கிறது. வாரண்டி இன்னும் இருக்கிறது. ஆனால் சர்வீஸ் சென்டரில் 'கஸ்டமர் தவறு' என்று எழுதி, திரையும் மூடியும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று லேப்டாப் விலையில் கிட்டத்தட்ட பாதியை எஸ்டிமேட்டாகக் கொடுத்திருக்கிறார்கள். வெறுத்துப்போய், 'சரி, இதை நீங்களே எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்பிவிடுங்கள்' என்று கேட்டால், 'அப்படியெல்லாம் நாங்கள் வாங்குவதில்லை சார்' என்கிறார்கள். வெப்சைட்டில் பக்கம் பக்கமாகச் சுற்றுச்சூழல் பேசும் கம்பெனி நேரில் ஏன் இப்படி நடந்துகொள்கிறது, இனி என்ன செய்யலாம் என்பது கேள்வி.

நான் ஒரு பெரிய பிராண்டின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் சில வருடம் இன்ஜினியராக இருந்துவிட்டு, இப்போது சொந்தமாகச் சிப் லெவல் வேலை, அதாவது போர்டை மாற்றாமல் அதில் போன சிப்பை மட்டும் மாற்றும் வேலை, செய்கிறவன். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இரண்டும் பழக்கம்.

போர்டில் கம்பெனி பெயர் இருந்தாலும், உள்ளே சம்பளம் கொடுப்பவர் வேறு ஒருவர். பெரும்பாலான பிராண்டுகளுக்கு இங்கே சர்வீஸ் என்பது ஒப்பந்த வேலைதான். ஏதோ ஒரு தனியார் நிறுவனம் ஊருக்கு ஊர் சென்டர் நடத்தும். ஒரே நிறுவனம் இரண்டு மூன்று பிராண்டுக்கு வேலை செய்வதும் உண்டு. வாரண்டியில் ஒரு புகாரை முடித்தால் இவ்வளவு என்று கம்பெனி கொடுக்கும். உட்கார்ந்து பொறுமையாகப் பழுதைத் தேடக் கட்டுப்படியாகும் தொகை கிடையாது அது. ஸ்பேர் கம்பெனிக் கிடங்கிலிருந்து வரும், கழற்றிய பழைய பார்ட் கிடங்குக்குத் திரும்பிப் போக வேண்டும். நான் இருந்த இடத்தில், திரும்பிப் போன பார்ட்டில் விரிசலோ தண்ணீர்க் கறையோ இருந்து, அதற்கு முன்கூட்டியே போட்டோ போட்டு அனுமதி வாங்கவில்லை என்றால், அந்தப் பார்ட்டின் விலை சென்டர் கணக்கில் பிடித்தம் ஆகும். முதலாளி அதை இன்ஜினியர் தலையில் கட்டப் பார்ப்பார். அப்படி ஒரு இடத்தில் வேலை செய்கிற பையன், சந்தேகம் என்று வந்தால் எந்தப் பக்கம் சாய்வான்? பிளாஸ்டிக் உடைந்திருக்கிறதா, சி.ஐ.டி. என்று போட்டுவிடுவான். கஸ்டமர் இண்டியூஸ்டு டேமேஜ் என்பதைத்தான் சென்டர்களில் அப்படிச் சுருக்கிச் சொல்வார்கள். அந்த மூன்று எழுத்து ஜாப் ஷீட்டில் ஏறிவிட்டால் சென்டருக்கு நஷ்டம் இல்லை, கம்பெனிக்கும் நஷ்டம் இல்லை. மிச்சம் இருப்பது நீங்கள் மட்டும்தான்.

எஸ்டிமேட் ஏன் அவ்வளவு பெரிதாக வருகிறது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். அங்கே பழுது பார்ப்பது கிடையாது, பார்ட் மாற்றுவது மட்டும்தான். மதர்போர்டில் அரிசியைவிடச் சின்னதாக ஒரு ஃபியூஸ் போயிருந்தாலும் முழு போர்டையும் மாற்றுவார்கள். இப்போதைய மெல்லிய மாடல்களில் பிராசஸர், ராம் எல்லாம் போர்டிலேயே சால்டர் செய்து, அதாவது ஈயம் வைத்துப் பற்றவைத்தது போல் கழற்ற முடியாதபடி, வருவதால், ஒரு போர்டு மாற்றினால் அநேகமாக முழு கம்ப்யூட்டரையும் மறுபடி வாங்கியதற்குச் சமம். இத்தனைக்கும், வாரண்டியில் மாற்றிக் கொடுக்கும் போர்டு புத்தம் புதியதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வாரண்டிக் காகிதத்தைப் படித்துப் பாருங்கள், 'புதியதற்கு நிகரானது' என்ற பொருளில் ஒரு வரி எங்காவது இருக்கும். வேறு யாருடைய லேப்டாப்பிலிருந்தோ கழற்றிச் சரிசெய்யப்பட்ட போர்டு உங்களுக்கு வரலாம். இதில் எனக்குப் பெரிய குறை இல்லை, நன்றாகச் சோதித்த பழைய போர்டு ஒன்றும் மோசமில்லை. சரிசெய்த போர்டைக் கம்பெனி கொடுத்தால் தரமான பொருள், அதையே தெருமுனைக் கடைக்காரர் சரிசெய்தால் வாரண்டி போய்விடும் என்கிறார்களே, அங்கேதான் எனக்கு எரிச்சல்.

இனி உங்கள் ஹிஞ்ச். இது எப்படி உடைகிறது என்று தெரிந்தால்தான் எதிர்த்துப் பேச முடியும். திரையைத் தாங்கும் ஹிஞ்ச் நல்ல எஃகு. அது திருகப்பட்டிருக்கும் இடம் பிளாஸ்டிக். டீலர்கள் லேப்டாப் உடலை நான்காகப் பிரித்துச் சொல்வார்கள்: மேல் மூடி ஏ பேனல், திரையைச் சுற்றிய சட்டம் பி, கீபோர்டு இருக்கும் பகுதி சி, அடிப்பாகம் டி. ஏ பேனலின் உள்பக்கம் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் தூண்கள் இருக்கும், அவற்றுக்குள் பித்தளை நட்டுகள் பதிந்திருக்கும். ஹிஞ்சின் ஸ்குரூ அந்த நட்டில்தான் இறங்குகிறது. நாளாக ஆக ஹிஞ்சுக்குள் இருக்கும் கிரீஸ் காய்ந்து இறுகும். திறக்கும்போதெல்லாம் அந்த இறுக்கம் முழுவதும் பிளாஸ்டிக் தூணில் ஏறும். ஒருநாள் தூண் வெடித்து, பித்தளை நட்டு ஸ்குரூவோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கீழே போட வேண்டும் என்று அவசியமே இல்லை. மேசையிலேயே வைத்து ஒழுங்காகப் பயன்படுத்துகிறவர்களின் லேப்டாப்பும் இப்படி என் மேசைக்கு வருகிறது. விலை குறைந்த மாடல்களில்தான் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கீழே விழுந்து உடைந்ததற்கு அடையாளம் வேறு. வெளி மூலையில் நசுங்கல் இருக்கும், பெயின்ட் பெயர்ந்திருக்கும், பல சமயம் திரைக் கண்ணாடியிலும் கோடு ஓடியிருக்கும். உங்களுடையதில் அப்படி ஒன்றும் இல்லை, உள்ளே தூண் மட்டும்தான் வெடித்திருக்கிறது என்றால், 'வெளி அடி பட்டதற்கான அடையாளம் எது, எந்தப் போட்டோவில் இருக்கிறது, எழுத்தில் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். மெயிலில் கேளுங்கள். நான் பார்த்தவரை, இந்த ஒரு கேள்விக்கே பாதி சி.ஐ.டி. ஆட்டம் கண்டுவிடும்.

பயன்படுத்துகிறவர் தவறு என்று சொல்லப்பட்டது பின்னால் கம்பெனியின் கோளாறு என்று வெளியான கதைகள் சின்னதல்ல. 2008 ஜூலையில் என்விடியா, லேப்டாப்களில் போன தன் கிராபிக்ஸ் சிப்களின் கோளாறுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சிப்பைப் பிடித்திருக்கும் சால்டர் சூடாகிக் குளிர்ந்து விரிசல் விட்டதுதான் விஷயம். அதுவரை எத்தனை பேரிடம் 'ஓவர் ஹீட் பண்ணிட்டீங்க சார்' என்று காசு வாங்கியிருப்பார்களோ! ஆப்பிள் லேப்டாப்களில் வந்த பட்டர்ஃபிளை கீபோர்டும் அப்படித்தான். ஒரு தூசி போனாலே கீ சிக்கிக்கொள்ளும். 2018 ஜூனில் இலவசமாகச் சரிசெய்யும் திட்டம் அறிவித்தார்கள், 2022-இல் அமெரிக்காவில் வழக்கை 5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார்கள். ஆகவே உங்கள் மாடல் பெயரையும் ஹிஞ்ச் என்பதையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். ஒரே மாடலில் ஒரே இடத்தில் பலருக்கும் உடைந்திருந்தால் அந்தப் பக்கங்களை அப்படியே சேமித்து மெயிலோடு இணையுங்கள்.

அடுத்தது காகிதம். இதில் பலரும் கோட்டை விடுகிறார்கள். லேப்டாப்பைக் கொடுக்கும்போது தரும் ஜாப் ஷீட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 'உடல் சேதம் உள்ளது' என்று பொதுவாக எழுதியிருந்தால், 'இடப்பக்க ஹிஞ்ச் மட்டும், வெளி அடி இல்லை' என்று உங்கள் கையாலேயே சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சீரியல் நம்பரும் அதில் தெரியட்டும்.

வாரண்டித் தேதியையும் ஒரு தடவை பாருங்கள். கம்பெனி வெப்சைட்டில் காட்டும் வாரண்டி பல சமயம் லேப்டாப் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். கடை அலமாரியில் தூங்கிய மாதங்களெல்லாம் உங்கள் கணக்கில் கழிந்திருக்கும். ஜி.எஸ்.டி. பில்லை அனுப்பினால் திருத்திக் கொடுப்பார்கள். 'வாரண்டி முடிந்துவிட்டது' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் சிலருக்கு உண்மையில் இன்னும் சில மாதம் பாக்கி இருந்திருக்கிறது. அப்புறம் பேட்டரிக்குத் தனிக் கணக்கு. லேப்டாப்புக்கு மூன்று வருட வாரண்டி என்றாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான்.

கொடுக்கும் முன் இன்னொரு வேலை இருக்கிறது, இதைச் செய்யாமல் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்போதைய விண்டோஸ் லேப்டாப்களில் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், பிட்லாக்கர் என்பது அதுதான். பூட்டின் சாவி போர்டில் இருக்கும் டி.பி.எம். என்ற பகுதியோடு கட்டப்பட்டது. சென்டரில் மதர்போர்டை மாற்றிக் கொடுத்தால், வீட்டுக்கு வந்து ஆன் செய்யும்போது 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது இல்லையென்றால் டிஸ்க் நன்றாக இருந்தும் உள்ளே இருப்பது எதுவும் திரும்பாது. சென்டர்காரரும் கை விரித்துவிடுவார், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் அந்தக் கீ சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேக்கப் எடுப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

மெயிலுக்குச் சரியான பதில் வரவில்லை என்றால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். பெரிய பிராண்டுகள் பலவும் அந்த அமைப்போடு இணைந்திருப்பதால், புகார் நேராகக் கம்பெனியின் வேறு ஒரு பிரிவுக்குப் போகும். சென்டரில் அசையாத ஃபைல் அங்கிருந்து அசைவதைப் பார்த்திருக்கிறேன். உத்தரவு போடும் அதிகாரம் அந்த எண்ணுக்குக் கிடையாது, சமரசம்தான். அதிலும் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது நமக்குக் கிடைத்த பெரிய வசதி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது. கம்பெனியின் தலைமை அலுவலகம் பெங்களூரிலோ குர்கானிலோ இருந்துவிட்டுப் போகட்டும், நீங்கள் திருநெல்வேலியில் இருந்தால் திருநெல்வேலியிலேயே போடலாம். வாங்கிய விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் ஈ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். பிரச்சினை தொடங்கி இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சட்டம் மூன்று முதல் ஐந்து மாதத்தில் முடிக்கச் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும், அதை மறைப்பதற்கில்லை. முதலில் ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள், கையாலேயே எழுதலாம். சட்டப் பிரிவுக்குக் கடிதம் போனதும் 'நல்லெண்ண அடிப்படையில்' பார்ட் இலவசமாக வருவது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

பழுது பார்க்கும் உரிமை என்று மத்திய அரசு பேசுகிறதே என்று கேட்கலாம். 2022-இல் அதற்குக் குழு போட்டார்கள், அந்த வருடம் டிசம்பர் 24-ஆம் தேதி ஒரு இணையதளமும் வந்தது. சர்வீஸ், ஸ்பேர் பற்றிக் கம்பெனிகள் தரும் விவரங்களை ஒரே இடத்தில் பார்க்கலாம், அவ்வளவுதான். அதைக் காட்டி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. பிரான்ஸில் 2021 ஜனவரியிலிருந்தே லேப்டாப்பை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு விற்க வேண்டும். இதில் நமக்கு ஒரு குறுக்குவழி உண்டு: அதே மாடல் அங்கேயும் விற்பனையில் இருந்தால், அதன் பிரெஞ்சு மதிப்பெண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு இங்கே வாங்கலாம். ஸ்பேர் எத்தனை வருடம் கிடைக்கும் என்பதும் அந்தத் தாளில் ஒரு கட்டமாக இருக்கும். அடுத்த தடவைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகங்களுக்கென்றே செய்த திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் மாதிரி வரிசைகளுக்குக் கழற்றி மாட்டும் கையேட்டைக் கம்பெனியே இலவசமாகப் போட்டிருக்கிறது. கடையில் பளபளவென்று அடுக்கியிருப்பதைவிட அவற்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவதே மேல் என்பது என் கட்சி.

சண்டைக்கெல்லாம் நேரமில்லை என்றால் வெளிக்கடைக்குப் போங்கள். சென்னையில் என்றால் மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெரு, அதோடு சேர்ந்த நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு. ஹிஞ்ச் வேலை இங்கே சாதாரணம். பி பேனலைக் கழற்றி, வெடித்த தூணைச் சுத்தம் செய்து, பித்தளை நட்டை நேராக உட்கார வைத்து, சுற்றிலும் அரால்டைட் பசை போட்டு ஒரு நாள் முழுக்க இறுக விடுவோம். தூண் தூளாகிவிட்டிருந்தால் மூடியில் துளை போட்டு வெளியிலிருந்து தட்டைத் தலை போல்ட் கொடுப்போம். பார்க்கக் கொஞ்சம் அசிங்கம், ஆனால் லேப்டாப்பின் ஆயுசுக்கும் நிற்கும். ஏ பேனல் தனியாகவே கிடைத்தால் அதை மாற்றுவதுதான் சுத்தமான வேலை. எதுவாக இருந்தாலும் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: 'ஹிஞ்சைத் தளர்த்தினீர்களா?' ஹிஞ்சின் நுனியில் இருக்கும் நட்டைக் கொஞ்சம் தளர்த்தாமல் பழைய இறுக்கத்திலேயே மாட்டிக் கொடுத்தால் சில மாதத்தில் அதே இடத்தில் மறுபடி பிடுங்கிக்கொள்ளும். ஹிஞ்ச் வழியாகத்தான் திரைக்குப் போகும் கேபிளும் வைஃபை ஆன்டெனா ஒயரும் ஓடுகின்றன, அவை நசுங்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். செலவு, சென்டர் எஸ்டிமேட்டில் ஒரு சின்னப் பங்குதான் வரும். ஒன்று மட்டும், வாரண்டி பாக்கி இருக்கும்போது வெளியே திறந்துவிட்டால் கம்பெனி அதையே காரணமாகக் காட்டும். சண்டை போடுவதாக இருந்தால் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

ஒரு இடைச்செருகல். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கி மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்கள் 50 லட்சத்துக்கும் மேல். அவற்றை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு, பழுது பார்க்கிறவனுக்கு அவை வரப்பிரசாதம். ஒரே மாடல் லட்சக்கணக்கில் இருந்ததால், செத்துப்போன இரண்டு லேப்டாப்பிலிருந்து உயிரோடு ஒன்றை எடுத்துவிடலாம். கீபோர்டு, சார்ஜர், திரை எல்லாம் எந்த ஊரிலும் கிடைத்தது. கம்பெனிகளோ வருடத்துக்கு முப்பது மாடல் இறக்கி, ஒன்றின் பார்ட் இன்னொன்றுக்குச் சேராதபடி பார்த்துக்கொள்கின்றன.

சரி, மறுசுழற்சிக்கு வருவோம். 'நாங்கள் வாங்குவதில்லை' என்று அந்தப் பையன் சொன்னது திமிரில் சொன்னதாக நினைக்காதீர்கள். அவனுக்கு யாரும் அப்படி ஒரு வேலையைக் கொடுக்கவே இல்லை.

இந்தியாவில் மின்கழிவுக்கு முதல் விதிகள் 2011-இல் வந்து 2012 மே மாதம் நடைமுறையாயின. 2016-இல் மாற்றினார்கள். அந்த 2016 விதிகள் இருந்தவரை, தயாரிப்பாளர் பழைய பொருளைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்ய வேண்டும், சேகரிப்பு மையம், இலவசத் தொலைபேசி எண் என்றெல்லாம் பொறுப்பு அவர் மேல் இருந்தது. எவ்வளவு ஒழுங்காக நடந்தது என்பது வேறு விஷயம். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் 2022 விதிகள் கணக்கையே மாற்றிவிட்டன. சில வருடங்களுக்கு முன் சந்தைக்கு விட்ட எடையில் இத்தனை சதவீதம் மறுசுழற்சி ஆகியிருக்க வேண்டும் என்று இலக்கு: முதல் இரண்டு வருடம் 60, அடுத்த இரண்டு வருடம் 70, 2027-28 முதல் 80. இதைக் கம்பெனி தன் கையால் வாங்கிச் செய்ய வேண்டியதில்லை. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைகள் எங்கிருந்தோ வாங்கி உடைத்து, தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் எடுத்த கணக்குக்குச் சான்றிதழ் உருவாக்கும். கம்பெனி அந்தச் சான்றிதழை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் காசு கொடுத்து வாங்கிக் கணக்கை நேர் செய்துவிடும். உங்கள் லேப்டாப் எங்கே போனது என்று அதற்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

அந்தச் சான்றிதழ் என்ன விலை? நுகர்வோர் மின்னணுப் பொருள்களுக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2024-இல் வைத்தார்கள். அதுவே அதிகம் என்று சாம்சங், எல்.ஜி., டெய்கின் போன்ற கம்பெனிகள் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. உங்கள் லேப்டாப் இரண்டு கிலோ இருந்தால் தோராயமாக 44 ரூபாய்க் கணக்கு. உங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு கொரியர் ஆளை அனுப்பினாலே அதைவிடக் கூடச் செலவாகும். கவுன்ட்டரில் ஏன் வாங்கவில்லை என்பதற்கு என் பதில் இதுதான். சர்வீஸ் பொறுப்பைப் புகார் கணக்கில் ஒப்பந்தக்காரருக்குத் தள்ளிவிட்டதைப் போலவே, குப்பைப் பொறுப்பையும் கிலோ கணக்கில் தள்ளிவிட்டார்கள். எல்லாம் சட்டப்படிதான்.

அப்படியானால் உண்மையில் யார் வாங்குகிறார்கள்? காயலான் கடைக்காரர்தான். எடை போட்டுக் கையில் காசு கொடுப்பார். அவரிடமிருந்து போர்டு தனி, பிளாஸ்டிக் தனி, ஒயர் தனி என்று பிரிந்து, போர்டுகள் கிலோ கணக்கில் கை மாறி வடக்கே போகும். டில்லி சீலம்பூரும் உத்தரப் பிரதேசத்து மொராதாபாதும் இதற்குப் பேர்போன இடங்கள். ஒயரை எரித்துச் செம்பு எடுப்பார்கள், போர்டை அமிலத்தில் ஊறவைத்துத் தங்கம் எடுப்பார்கள். ஈயப் புகையும் அமிலக் கழிவும் அந்தத் தெருவில் இருக்கிறவர்களுக்கு. உலகக் கணக்கும் பெருமைப்படும்படி இல்லை. ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி 2022-இல் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனதாகப் பதிவானது 22.3 சதவீதம்.

லேப்டாப்பில் தங்கம் இருக்கிறதே, கம்பெனிகளே போட்டி போட்டு வாங்க வேண்டாமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பான் முழுக்க இரண்டு வருடம் பழைய மின்னணுச் சாமான்களைத் திரட்டினார்கள். 60 லட்சத்துக்கும் அதிகமான செல்போன்களோடு சேர்த்து சுமார் 79,000 டன். கிடைத்த தங்கம் 32 கிலோ. ஒரு லேப்டாப்பில் எவ்வளவு தேறும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நிலையில் என் யோசனை, மறுசுழற்சியைக் கடைசியில் வையுங்கள் என்பது. ஒரு லேப்டாப்பால் காற்றில் சேரும் கரியமில வாயுவில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே சேர்ந்துவிடுகிறது. உங்களுடையதோ இரண்டு வருடம்கூட ஆகாத மெஷின். ஹிஞ்சுக்காக அதை உடைக்கக் கொடுப்பது அநியாயம். சரிசெய்து ஓட்டுங்கள், பிடிக்கவில்லை என்றால் விற்றுவிடுங்கள். வீட்டில் இன்னும் பழையது ஒன்று கிடந்தால் அதையும் பாருங்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியதால், நன்றாக ஓடும் ஏராளமான லேப்டாப்கள் ஒரே நாளில் பழையதாகிவிட்டன. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தையது என்றால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதில் ஒரு எஸ்.எஸ்.டி. (வேகமான புது வகை டிஸ்க்) போட்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் படிக்கிற பிள்ளைக்கு இன்னும் சில வருடம் தாராளமாக உழைக்கும். உயிரே இல்லாத லேப்டாப்பைக்கூடச் சிப் லெவல் கடைக்காரரிடம் முதலில் காட்டுங்கள். திரை, கீபோர்டு, ராம், போர்டில் இருக்கும் ஐ.சி. வரை எல்லாம் இன்னொரு லேப்டாப்புக்கு உதவும். உருக்கி எடுக்கும் செம்பைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

யாரிடம் கொடுத்தாலும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். 'ஃபார்மட் பண்ணிட்டேன்' என்பது போதாது. மார்கன் ஸ்டான்லி வங்கி பழைய கம்ப்யூட்டர்களையும் டிஸ்க்குகளையும் அப்புறப்படுத்தும் வேலையை அனுபவமில்லாத ஒரு சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனியிடம் கொடுத்தது. வாடிக்கையாளர் விவரங்களோடு அவற்றில் சில ஆன்லைன் ஏலத்துக்கே வந்துவிட்டன. 2022-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் போட்ட அபராதம் 3.5 கோடி டாலர். நமக்கு அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் ஆதார் நகலும் பேங்க் ஸ்டேட்மென்டும் எல்லார் டிஸ்க்கிலும் இருக்கிறது. கழற்றிய எஸ்.எஸ்.டி.யை யு.எஸ்.பி. உறை ஒன்றில் போட்டால் பென் டிரைவ் மாதிரி வருடக்கணக்கில் பயன்படும். போர்டிலேயே சால்டர் செய்த டிஸ்க் என்றால், முதலில் பிட்லாக்கர் போட்டுப் பூட்டிவிட்டு, அப்புறம் 'டிரைவைச் சுத்தம் செய்' என்ற வழியைத் தேர்ந்து ரீசெட் செய்யுங்கள்.

உண்மையிலேயே தேறாதது என்று முடிவானால், கம்பெனி வெப்சைட்டின் அடியில் மின்கழிவு என்று ஒரு இணைப்பு தேடுங்கள். பெரும்பாலான பிராண்டுகளுக்கு அங்கே ஒரு படிவமோ இலவச எண்ணோ உண்டு. சென்டரில் கேட்பதைவிட அங்கே எழுத்தில் கேட்பது பலன் தரும். இல்லையென்றால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைகளின் பட்டியலில் உங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். ஒரே ஒரு லேப்டாப்புக்கு வண்டி அனுப்ப மாட்டார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு, அலுவலகம், பள்ளி என்று பத்து வீட்டுச் சாமானைச் சேர்த்துக் கூப்பிட்டால் வருவார்கள். வந்தவரிடம் பதிவுச் சான்று கேளுங்கள், எடை போட்டு ரசீதும் வாங்குங்கள். இரண்டையும் தரத் தயங்குகிறவர் உங்கள் தெரு காயலான் கடைக்காரரைவிட எந்த விதத்திலும் உசத்தி இல்லை. அவராவது காசு கொடுப்பார்.

பேட்டரியை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்க்காமல் தனியாக எடுத்து வையுங்கள், அதற்கு 2022-ஆம் வருடத்துத் தனி விதிகள் இருக்கின்றன. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டோ அடி மூடி பிதுங்கிக்கொண்டோ இருந்தால் பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். சார்ஜ் போடாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள், குப்பைத் தொட்டியில் போடவே போடாதீர்கள், குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒரு தகர டப்பாவில் மணல் போட்டு அதில் வைத்து, பேட்டரி வாங்கும் ஆலைக்காரர் வரும்வரை பால்கனியில் நிழலான மூலையில் வைத்திருங்கள்.